பழைய காரில் ஹான்ட் பிறேக் பிடிக்கவில்லையா? கேபிளைத் தொட முதல் பார்க்க வேண்டியவை

வன்னியில் ஓடுகிற பழைய கார்களில் ஹான்ட் பிறேக் தேய்ந்து கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதே அதிகம். வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியில் சொல்லும்படியான ஏற்றம் எதுவும் இல்லை. காரை நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்குவதுதான் இங்கே வழக்கம். லிவர் மாதக்கணக்கில் அசையாது. அதற்கிடையில் கோடையில் செம்மண் புழுதியும் மாரியில் சேற்றுத் தண்ணீரும் கேபிள் உறைக்குள் போய்விடும். பிறகொரு நாள் குளக்கட்டில் ஏற்றி நிறுத்த வேண்டி வரும், அல்லது கண்டிப் பக்கம் ஒரு பயணம் வரும். அன்றைக்குத்தான் லிவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கார் மெல்ல உருளுவது தெரியும்.

உடனே எல்லோரும் செய்வது லிவருக்குக் கீழே இருக்கிற நட்டை நாலு சுற்று இறுக்குவது. ஒரு கிழமைக்குப் பிடிக்கும், பிறகு பழையபடி. பின்சில்லோடு சுற்றுகிற டிறம்முக்குள்ளே, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும்போது அந்த இடைவெளியைக் கேபிளை இழுத்து மறைக்கப் பார்த்தால், உள்ளே ஷூவோடு பூட்டியிருக்கிற சின்ன லிவர் தன் ஓய்வு நிலைக்குத் திரும்பாமல் எப்போதும் பாதி இழுபட்டே நிற்கும். அப்படி நின்றால் தானாக அட்ஜஸ்ட் ஆகும் அமைப்பும் வேலை செய்யாது. டிறம் சூடாக ஷூ உரசும், ஷூவின் மேலுள்ள உரசு பட்டையான லைனர் கருகும், பெற்றோலும் கூடப் போகும். முதலில் டிறம்முக்குள் இருப்பதைச் சரிசெய்ய வேண்டும், அடுத்து கேபிள் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நட்டை இறுக்குவது கடைசி வேலை.

லிவரை இழுத்தாலே பாதி தெரியும்

மட்டமான தரையில் காரை நிறுத்தி, லிவரை மெதுவாக இழுத்து ஒவ்வொரு பல்லாக எண்ணுங்கள். டிக் என்று கேட்கிற ஒவ்வொரு சத்தமும் ஒரு பல். பெரும்பாலான கார்களில் 5 முதல் 8 பல்லுக்குள் இறுக வேண்டும். உங்கள் மாடலுக்குரிய எண்ணிக்கை காரின் கைநூலில் இருந்தால் அதையே எடுங்கள்.

10 பல்லைத் தாண்டி ஏறி, கடைசியில்தான் கொஞ்சம் பாரம் தெரிந்தால் ஷூவுக்கும் டிறம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது, அல்லது கேபிள் நீண்டுவிட்டது. முதலாவதுதான் அநேகமான காரணம். ஒரு பாரமும் இல்லாமல் லிவர் முழுக்க மேலே வந்தால் கேபிள் அறுந்திருக்கும், இல்லாவிட்டால் அதன் நுனி கொளுவியிலிருந்து கழன்றிருக்கும். 2 பல்லுக்கு மேல் அசையாமல் இறுகி நின்றால் கேபிள் உறைக்குள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ முன்பு நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள்.

ஆளை ஏமாற்றுவது இன்னொரு வகை. லிவர் 6 பல்லில் அழகாக இறுகும், ஆனாலும் கார் உருளும். இதில் கேபிளில் பிழை இராது. லைனரில் எண்ணெய் ஊறியிருக்கும், அல்லது லைனர் மேற்பரப்பு கண்ணாடித்தன்மையாக மினுங்கிப்போயிருக்கும். ஒரு பக்கச் சில்லு மட்டும் பிடித்து மற்றது சும்மா சுற்றுவதும் உண்டு.

இழுத்த லிவர் நிற்காமல் தானே கீழே விழுந்தால் லிவருக்குள் இருக்கிற பற்சட்டமோ அதைப் பிடிக்கும் நாக்கோ தேய்ந்திருக்கிறது. இதை அரத்தால் ராவிக் கூராக்கித் தருகிறவர்கள் உண்டு. கொஞ்சக் காலம் பிடிக்கும், பிறகு கேட்காத நேரத்தில் விடும். பழைய உதிரிப்பாகக் கடையில் லிவர் முழுசாக எடுத்து மாற்றுவதே சரி.

லிவரை இறக்கிய பிறகும் டாஷ்போர்டில் சிவப்பு லைட் அணையாவிட்டால் லிவர் அடியில் உள்ள சுவிச்சைச் சந்தேகிக்க முதல் பொனட்டைத் திறந்து பிறேக் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே லைட்தான்.

காரைத் தூக்குவது

வன்னி முற்றங்களில் பாதி மணல், மீதி செம்மண். ஜக்கை நேரே நிலத்தில் வைத்தால் பாரம் ஏற ஏற அது புதையும், சரியும். கீழே 2 அங்குலத் தடிப்பான பலகை ஒன்று போடுங்கள். இந்த வேலைக்கு ஹான்ட் பிறேக் இறக்கப்பட்டிருக்க வேண்டும், கியரும் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஆகவே காரைப் பிடித்து வைத்திருப்பது முன்சில்லுகளுக்கு நீங்கள் வைக்கும் கட்டை மட்டுமே. இரண்டு முன்சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

தூக்கிய பிறகு ஸ்டான்ட் வைக்காமல் கீழே போகாதீர்கள். ஸ்டான்ட் இல்லையென்றால் அகலமாகவும் மட்டமாகவும் அறுத்த முதிரை அல்லது பாலைக் குற்றி பரவாயில்லை. சீமெந்துக் கல் கூடவே கூடாது. அது நெரியும்போது முன்னறிவிப்பே இல்லாமல் ஒரேயடியாக உடையும்.

பின்சில்லு இழுவைக் காரென்றால் ஸ்டான்டை பொடிக்குக் கீழே வைக்காமல் அக்ஸில் குழாய்க்குக் கீழே வையுங்கள். பொடியில் தாங்கினால் அக்ஸில் தொங்கும். தொங்கும்போது கேபிளின் இழுவிசை மாறிவிடும். அந்த நிலையில் அட்ஜஸ்ட் செய்தால் கார் தரையில் இறங்கியதும் கணக்குப் பிழைக்கும்.

சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தல்

ஓர் ஆளை உள்ளே இருத்தி, ஒவ்வொரு பல்லாக இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு பின்சில்லுகளையும் மாறி மாறிச் சுற்றுங்கள். 2, 3 பல்லில் உரசத் தொடங்கி, 6, 7இல் கையால் அசைக்க முடியாமல் போக வேண்டும். பின்சில்லு இழுவைக் காரில் ஒரு சில்லைச் சுற்ற மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும். அது டிபரென்ஷலின் வேலை, பழுதல்ல.

இனிக் காருக்கு அடியில் படுத்து, கேபிள் டிறம்மின் பின் தகட்டுக்குள் நுழைகிற இடத்தைப் பாருங்கள். லிவரை இழுக்கும்போது உட்கம்பி அசைகிறது, ஆனால் சில்லு பிடிக்கவில்லை என்றால் பழுது டிறம்முக்குள் இருக்கிறது. லிவர் ஏறுகிறது, ஒரு பக்கக் கம்பி அசையவே இல்லை என்றால் அந்தப் பக்கக் கேபிள் சிக்கியிருக்கிறது. லிவரை இறக்கிய பிறகு கம்பி திரும்பி வராமல் இழுபட்டபடியே நின்றாலும் அதே கேபிள்தான் காரணம். அந்தச் சில்லு ஓடும்போது சூடாகும். இந்த 5 நிமிடப் பார்வையைச் செய்யாமல் சாமான் வாங்கப் போனால் நல்ல கேபிளை மாற்றி நாசமான ஷூவை விட்டுவைப்பீர்கள்.

டிறம்மைக் கழற்றுதல்

பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. காற்றடிக்கும் குழாயால் ஊதித் துப்புரவாக்குகிற கராஜ் பழக்கத்தை வீட்டில் செய்ய வேண்டாம். மாஸ்க் போட்டு, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

முதலில் லிவர் அடியிலுள்ள கேபிள் நட்டை நன்றாகத் தளர்த்துங்கள். சில்லைக் கழற்றிய பிறகு டிறம் கையோடு வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் பல ஜப்பான் கார்களின் டிறம் முகத்தில் இரண்டு மரையுள்ள துளைகள் இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்ட் இரண்டைப் போட்டு, 12ஆம் நம்பர் ஸ்பனரால் மாறி மாறிக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினால் டிறம் தானே வெளியே தள்ளப்படும். ஒரே போல்ட்டை இறுக்கிக்கொண்டு போனால் டிறம் கோணி உடையும். நடு ஹப்பில் துருப்பிடித்திருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் விடுங்கள். அடிக்க வேண்டி வந்தால் மரக்கட்டை வைத்து அடியுங்கள். வார்ப்பிரும்பு சுத்தியல் அடியில் வெடிக்கும்.

இவ்வளவுக்கும் வரவில்லை என்றால் டிறம் விளிம்பில் தேய்மான வரம்பு எழும்பி ஷூவில் கொளுவிக்கொண்டிருக்கிறது. பின் தகட்டில் றப்பர் மூடியைக் கழற்றி, அந்தத் துளையால் மெல்லிய ஸ்குறூ டிறைவர் விட்டு, ஷூ இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற அட்ஜஸ்டரின் பற்சில்லைத் தளர்த்துங்கள். தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகையில் அந்தப் பல்லை ஒரு தகடு பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொரு ஸ்குறூ டிறைவரால் தகட்டைத் தள்ளிப் பிடித்தால்தான் பற்சில்லு பின்னோக்கிச் சுற்றும். சில முன்சில்லு இழுவைக் கார்களில் டிறம்மும் ஹப்பும் ஒன்றாகவே இருக்கும். நடு நட்டையும் அதன் ஸ்பிளிட் பின்னையும் கழற்றாமல் அவை வராது. பூட்டும்போது ஸ்பிளிட் பின் புதிதாகத்தான் போட வேண்டும்.

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் அட்ஜஸ்ட் செய்ய டிறம்மைக் கழற்றத் தேவையில்லை. டிறம் முகத்திலுள்ள துளையை அட்ஜஸ்டர் தலைக்கு நேரே கொண்டுவந்து, தட்டை ஸ்குறூ டிறைவரால் சுற்றினால் போதும். இரண்டு பின்சில்லுக்கும் தனித்தனிக் கேபிள் லிவர் வரை வருவதால் பக்கத்துக்கொரு நட்டு இருக்கும்.

எந்தக் காராயினும் ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். ஸ்பிறிங் எங்கே கொளுவியிருந்தது என்று மறந்தால் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்ளலாம். கைபேசியில் நாலு படமும் எடுங்கள்.

உள்ளே என்ன பார்க்க வேண்டும்

லைனர் தடிப்பு 1 மி.மீ. அளவுக்கு வந்திருந்தாலோ, றிவெட் தலையோடு மட்டமாகிக்கொண்டிருந்தாலோ மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால் இரண்டு சில்லுக்குமாக 4 ஷூவும் சேர்த்துத்தான். பழைய ஷூவுக்கு லைனர் அடிக்கக் கொடுக்கலாம், நல்ல வேலைதான். ஆனால் ஒரே டிறம்முக்குள் இருக்கிற முன் ஷூவும் பின் ஷூவும் லைனர் நீளத்தில் வேறுபடும் கார்கள் உண்டு. எது எது என்று ஷூவின் இரும்பில் அடையாளம் கீறிக் கொடுங்கள்.

டிறம்மின் உட்புறத்தில் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் லேத்தில் கொடுத்து ஓட்டலாம். எவ்வளவு வரை வெட்டலாம் என்பதற்கான ஆகக்கூடிய விட்டம் பல டிறம்களில் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். பொதுவாக அது புது அளவைவிட 1 மி.மீ.தான் கூட. மினுங்கல் மட்டும் என்றால் 80ஆம் நம்பர் சான்ட் பேப்பரால் டிறம்மையும் லைனரையும் குறுக்காக உரசிவிடுங்கள்.

ஈரம் இருந்தால் அது எந்த எண்ணெய் என்று கண்டுபிடியுங்கள். கால் பிறேக்கை மிதிக்கும்போது ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் றப்பர் உறையை மெதுவாக உரித்துப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் பிறேக் ஒயில் கசிகிறது. தண்ணீர்த்தன்மையாக இருக்கும், பெயின்ற்றை உரிக்கும். கறுத்துத் தடித்து, மூக்கைத் துளைக்கிற கந்தக வாடை அடித்தால் அது அக்ஸில் ஒயில், சீல் போய்விட்டது. புதுச் சீல் போட முதல் அக்ஸிலின் மேலேயுள்ள சின்னக் காற்றுப் போக்கியைப் பாருங்கள். கிறவல் றோட்டிலும் தண்ணீரிலும் ஓடுகிற கார்களில் அது சேற்றால் அடைபட்டிருக்கும். அக்ஸில் சூடாகும்போது உள்ளே காற்று விரிந்து போக வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். போக்கியைத் துப்புரவாக்காமல் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் கசியும்.

எண்ணெய் ஊறிய லைனரைப் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தித் திரும்பப் பூட்டுவது இங்கே பழைய வித்தை. மேலே காய்ந்தது போலிருக்கும். நாலு தரம் பிறேக் பிடித்துச் சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் திரும்ப வெளியே வரும். பிசினால் ஒட்டிய லைனரென்றால் ஒட்டே விட்டுவிடும். அந்த லைனரை எறியுங்கள்.

கடைசியாக, ஹான்ட் பிறேக்குக்கே உரிய சின்ன லிவர். அது பின் ஷூவில் ஒரு முளையில், சீ கிளிப்பால் பூட்டியிருக்கும். கையால் அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஆடி, விட்டதும் ஷூவின் இரும்பில் முட்டி நிற்க வேண்டும். மாதக்கணக்கில் லிவர் இழுக்காத கார்களில் இந்த முளைதான் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். கழற்றி, வயர் பிறஷால் தேய்த்து, பிறேக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். பின் தகட்டில் ஒவ்வொரு ஷூவும் உரசுகிற மேட்டு இடங்களிலும் அதே கிறீஸை ஒரு பயறளவு தடவுங்கள். சாதாரண கிறீஸ் கூடாது, சூட்டில் உருகி லைனரில் ஏறும். அட்ஜஸ்டரின் மரையையும் கழற்றித் துப்புரவாக்கிக் கையால் சுற்றும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். சில ஜப்பான் கார்களில் லிவரை இழுக்கும்போதுதான் இந்த அட்ஜஸ்டர் ஒரு பல் முன்னேறும். ஹான்ட் பிறேக் பாவிக்காதவரின் காரில் கால் பிறேக்கும் வர வரத் தாழ்ந்துபோவதன் இரகசியம் அதுதான்.

கேபிள்

இரண்டு நுனியையும் கழற்றி, உட்கம்பியை உறைக்குள் முன்னும் பின்னும் இழுங்கள். ஒரு கையால் சுலபமாக ஓட வேண்டும். ஓடாவிட்டால் கேபிளைக் கழற்றி ஒரு மரக்கிளையில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல் நுனியில் பொலித்தீன் பையால் புனல் கட்டி மெல்லிய எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் கீழ் நுனியால் செங்கபில நிறத்தில் வடியும். தெளிவாக வடியும்வரை கம்பியை இழுத்து இழுத்து ஊற்றலாம். இப்படி மீண்ட கேபிள் அடுத்த மாரி வரை வரும். அதற்கிடையில் புதிது தேடிக்கொள்ளுங்கள்.

ஓர் இழை அறுந்திருந்தாலும், உறை கிழிந்து சுருள் தெரிந்தாலும் மாற்றத்தான் வேண்டும். மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளை முடிச்சுப் போட்டு இணைப்பது, வேலிக்கம்பியை முறுக்கிப் பூட்டுவது எல்லாம் நடக்கிறது. வயல் கரையில் நிற்கிற உழவு இயந்திரத்துக்கு அது போகலாம், ஆட்கள் ஏறுகிற காருக்குப் போகாது. கேபிள் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் இல்லாமல் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பிப்பதென்றால் மூன்று அளவு சொல்ல வேண்டும்: உறையின் நீளம், உட்கம்பியின் முழு நீளம், இரண்டு நுனியின் வடிவம். வலது இடது கேபிள்கள் பல கார்களில் ஒரே நீளமல்ல. பூட்டும்போது பழைய கிளிப்புகள் எல்லாவற்றிலும் பூட்டுங்கள். ஒன்று குறைந்தாலும் கேபிள் தொங்கி சைலன்சர் குழாயில் முட்டும், உறை உருகும்.

அட்ஜஸ்ட் செய்யும் ஒழுங்கு

1. கேபிள் நட்டு முழுத் தளர்வில் இருக்கட்டும். டிறம்மைப் பூட்டி, கால் பிறேக்கை நாலைந்து தரம் மிதித்து ஷூக்களை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

2. பின் தகட்டுத் துளையால் பற்சில்லைச் சுற்றி, சில்லு அசையாமல் போகும்வரை இறுக்குங்கள். பிறகு சில்லு தடையில்லாமல் சுற்றும்வரை பல் பல்லாகத் தளர்த்துங்கள். காதை வைத்துக் கேட்டால் மெல்லிய உரசல் ஒன்று கேட்கலாம், கையில் பாரம் தெரியக் கூடாது. மறுபக்கமும் அப்படியே.

3. கேபிள் புதிதென்றால் நட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு லிவரைப் பலமாகப் பத்துத் தரம் இழுத்து விடுங்கள். புதுக் கேபிள் முதல் இழுவையில் கொஞ்சம் நீளும்.

4. இப்போதுதான் நட்டை இறுக்குங்கள். உங்கள் காருக்குரிய பல்லில் இரண்டு சில்லும் பூட்ட வேண்டும். இரண்டு கேபிளையும் இணைக்கிற சமன்கட்டை நேராக நிற்கிறதா பாருங்கள். சரிந்து நின்றால் ஒரு பக்கம் இன்னும் தளர்வு, நட்டால் அதைத் தீர்க்க முடியாது, 2ஆம் படிக்குத் திரும்புங்கள்.

5. லிவரை முழுக்க இறக்கி இரண்டு சில்லையும் சுற்றுங்கள். உரசல் கூடியிருந்தால் நட்டு அதிகம். சரியென்றால் பூட்டு நட்டை இறுக்குங்கள்.

பிறகு 4, 5 கிலோமீற்றர் ஓட்டி வந்து டிறம் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு பக்கம் சும்மா வடிந்து மறுபக்கம் சீறிக்கொண்டு ஆவியானால் சீறுகிற பக்கம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. சரிவில் சோதிக்கக் குளக்கட்டு ஏற்றம் நல்ல இடம், ஆனால் மூக்கு குளத்துத் தண்ணீரைப் பார்த்து நிற்கக் கூடாது. காலைக் கால் பிறேக்கிலிருந்து மெதுவாக எடுங்கள், முற்றாக அகற்றாதீர்கள்.

மாரியில்

குளங்கள் வான் பாயும் நாட்களில் தண்ணீர் கடந்து வந்து ஹான்ட் பிறேக் இழுத்து நிறுத்தினால், இரண்டு நாளில் லைனர் டிறம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் கடந்ததும் 200, 300 மீற்றர் தூரம் கால் பிறேக்கை இலேசாக மிதித்தபடி ஓட்டினால் உள்ளே காயும். இரவில் கியரும் கல்லுமே போதும்: மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் றிவேர்ஸ். ஒட்டிவிட்டால் இஞ்சினை உறுமவிட்டுக் கிளச்சை எரிக்காதீர்கள். முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்த்து, அதற்கும் விடாவிட்டால் சில்லைக் கழற்றி டிறம் சுற்றில் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். கோடையிலோ நேர் எதிர்: ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் லிவரை இழுங்கள். பூநகரி, முல்லைத்தீவுக் கரையோரம் ஓடுகிற கார்களின் அடிப்பாகத்தை உப்புப் போக நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

நடுவில் பிறேக் உள்ள வண்டிகள்

பழைய லான்ட் றோவரிலும் பல கன்டர், எல்ப் லொறிகளிலும் ஹான்ட் பிறேக் சில்லில் இல்லை, கியர்பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிற தனி டிறம்மில் இருக்கும். இவற்றில் ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கில் தூக்கினால் டிபரென்ஷல் வழியே தூக்கிய சில்லு சுற்றும், வண்டி ஜக்கை விட்டு உருண்டுவிடும். லிவர் இறுகியிருக்கிறதே என்று நம்ப வேண்டாம், சில்லுக்குக் கட்டை வைத்த பிறகே தூக்குங்கள். ஓடும்போது இந்த லிவரை இழுப்பதும் ஷாஃப்டை முறிக்கும் வேலை. பின்னால் டிறம்முக்குப் பதிலாக டிஸ்க் உள்ள கார்களில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரின் முதுகிலுள்ள சின்ன லிவர் இறக்கியதும் முழுக்கத் திரும்பி முட்டுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சிக்குவது அங்கேதான். பாட் மாற்றும்போது அந்தப் பிஸ்டனை நேரே அமுக்காமல் சுற்றி உள்ளே ஏற்ற வேண்டும்.

புது லைனர் போட்டிருந்தால் 300, 400 கிலோமீற்றர் ஓடிய பிறகு 2ஆம் படியிலிருந்து ஒரு தரம் திரும்பச் செய்யுங்கள். லைனர் டிறம்மின் வளைவுக்குப் படிந்ததும் இடைவெளி கொஞ்சம் கூடியிருக்கும். அதே நேரம் சில்லு நட்டுகளையும் கேபிளின் பூட்டு நட்டையும் ஒருக்கால் ஸ்பனர் போட்டுப் பாருங்கள்.